உறைவிட மருத்துவரின் வீடு

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

உங்கள் கணவர் அமெரிக்காவில் ரெசிடென்சி, அதாவது மருத்துவக் கல்லூரிக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி, முடித்தவர் என்று முன்பொரு முறை எழுதியிருந்தீர்கள். அந்த உரிமையில் இதைக் கேட்கிறேன். என் கணவர் வரும் மே மாதம் இங்கே மருத்துவக் கல்லூரியை முடிக்கிறார். மாணவர்களும் மருத்துவமனைகளும் தரும் விருப்பப் பட்டியல்களைக் கணினி பொருத்திப் பார்த்து இடம் ஒதுக்கும் ‘மேட்ச்’ முறையில் மார்ச் மாதம் வந்த முடிவின்படி, தம் பட்டியலில் நான்காவதாக எழுதியிருந்த மருத்துவமனையில் அவருக்குப் பொது அறுவை சிகிச்சைப் பயிற்சி கிடைத்திருக்கிறது. ஐந்தாண்டுகள். நான் என் வேலையை விட்டுவிட்டு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர வேண்டும்.

நேர்காணல்கள் முடிந்ததிலிருந்து அவர் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறார். நான்கு வயது மகளை இரவில் தூங்க வைப்பது இப்போது அவர்தான். நான் போனால் அவள் என்னைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். ஜூலையில் பயிற்சி தொடங்கியதும் இது நின்றுபோகும், குழந்தை ஏங்கிப்போவாள் என்பதால் இப்போதே இந்தப் பழக்கத்தை விட்டுவிடுமாறு சொன்னேன். அவர் மிகவும் வருந்தினார். நான் சொன்னது தவறா? ஜூன் முழுவதும் எங்காவது சுற்றி வரலாம் என்றும் சொல்கிறார். அதற்கும் என் மனம் ஒப்பவில்லை.

ச.

அன்புள்ள ச.,

தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிறுத்த வேண்டாம். ஜூலையில் உங்கள் மகள் அழத்தான் செய்வாள். இப்போது நிறுத்தினால் இப்போதே அழுவாள், அதுவும் தந்தை பக்கத்து அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது. அதற்கு அவளிடம் சொல்ல உங்களிடம் ஒரு காரணமும் இருக்காது.

மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் அவர் வார்டு வார்டாக அலைந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்கு ஓர் ஒழுங்கை நீங்கள் தனியாகவே உண்டாக்கியிருப்பீர்கள். இப்போது ஓய்வாக வந்தவர் அந்த நாளின் மிக இனிய அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? எனக்கும் வந்தது. அதை மகளின் நலன் என்று பெயரிட்டு நானும் பேசியிருக்கிறேன்.

ரெசிடென்ட் என்பதை உறைவிட மருத்துவர் என்று தமிழில் சொல்கிறோம். உறைவிடம் என்பது அதில் வெறும் அலங்காரமன்று. 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் முதலியோர் இந்தப் பயிற்சி முறைக்கு வடிவம் கொடுத்தபோது, பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கினார்கள். மணமாகாதவர்களாக இருப்பதே எதிர்பார்ப்பு. பிறகு அவர்கள் மணம் செய்துகொண்டார்கள், பெண்கள் பெருமளவில் மருத்துவர்களானார்கள், குழந்தைகள் பிறந்தார்கள்; முறையின் எலும்புக்கூடு மட்டும் பழையதாகவே நின்றது. வேலை நேரத்துக்கு வரம்பு வந்ததும் குடும்பத்தை எண்ணி அன்று. 1984இல் நியூயார்க்கில் லிபி ஸையன் என்ற 18 வயதுப் பெண், நெடுநேரம் ஓய்வின்றி உழைத்த பயிற்சி மருத்துவர்களின் கவனிப்பில் மருத்துவமனையில் இறந்துபோனார். அதையொட்டி அவருடைய தந்தை விடாமல் போராடியதால் அந்த மாநிலத்தில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு 1989இல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்கும் அது வர 2003 வரை ஆயிற்று. என் கணவர் அதற்கு முந்தைய காலத்தவர். காலையில் போனவர் மறுநாள் மாலையில் திரும்புவதை நாங்கள் இயல்பு என்றே எண்ணியிருந்தோம்.

இந்த 80 மணி நேரக் கணக்கை நீங்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அது நான்கு வாரங்களின் சராசரி. ஆகவே ஒரு வாரம் 95 மணி நேரமாகி, இன்னொரு வாரம் 65 ஆனாலும் விதி மீறப்பட்டதாகாது. ஏழு நாளில் ஒரு நாள் விடுப்பு என்பதும் அப்படியே சராசரிதான். ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் 80 போக, நாளுக்கு ஆறு மணி நேரத் தூக்கமும் போனால் 46 எஞ்சும். பயணம், குளியல், துணி துவைத்தல், ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அறுவைப் பயிற்சியாளர்கள் எழுத வேண்டிய தேர்வுக்கான படிப்பு எல்லாம் அதற்குள்தான். இன்னொன்று: வீட்டில் உட்கார்ந்து நோயாளிக் குறிப்புகளை எழுதி முடிப்பதும் அந்த 80 மணி நேரத்தில் சேரும் என்று 2017 முதல் விதி இருக்கிறது. மடிக்கணினியைத் திறந்துகொண்டு உணவு மேசையில் இருப்பவர் வீட்டில் இல்லை என்றே நீங்களும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரை மனத்தோடு பக்கத்தில் இருப்பவரிடம் பேச முயன்றுதான் எங்கள் சண்டைகளில் பெரும்பாலானவை மூண்டன.

ஆகவே, தூங்க வைக்கும் பழக்கத்தை நிறுத்துவதற்குப் பதிலாக, கடிகாரத்தோடு கட்டப்படாத ஒரு வேலையையும் இப்போதே அவரிடம் கொடுங்கள். இரவு எட்டு மணி என்பதை ஓர் அறுவைப் பயிற்சியாளரால் காப்பாற்ற முடியாது. எங்கள் வீட்டில் மகனுக்கு நகம் வெட்டுவது அவன் தந்தையின் வேலையாக இருந்தது. வாரத்தில் எந்த நாளானாலும் சரி, கால் மணி நேரம் போதும். மிக மோசமான மாதங்களில் நகங்கள் நீண்டு அழுக்கேறிக் கிடக்கும். கேட்காமலேயே மருத்துவமனை நிலவரம் எனக்குத் தெரிந்துவிடும். நான் வெட்டிவிடாமல் இருந்ததுதான் இதில் கடினமான பகுதி. ஒருமுறை கோபத்தில் வெட்டிவிட்டேன். மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்குத் தூங்கும் பிள்ளையின் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவர் வேலைக்குக் கிளம்பிப் போனார். அதன் பிறகு அந்த நகவெட்டியை நான் தொடவில்லை. உங்கள் வீட்டில் அது நகமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்யாவிட்டால் செய்யப்படாமலே கிடக்கக்கூடிய, கிடந்தாலும் பெருங்கேடு விளையாத ஒன்றாக அது இருக்கட்டும்.

உங்கள் வேலையை விடுவது பற்றி ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். பட்டியலை அவர் எழுதினார், கணினி முடிவு செய்தது, இருவரும் கட்டுப்பட்டாயிற்று. உங்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பேச்சு ஜூலைக்கு முன் நடக்க வேண்டும், அவர் தூங்கி எழுந்த ஒரு நாளில்.

ஜூன் பயணம் வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம். பயிற்சி ஜூலை முதல் தேதி தொடங்கினாலும், அறிமுக வகுப்புகள் பெரும்பாலான இடங்களில் ஜூனிலேயே ஆரம்பித்துவிடும்; அதற்குள் வீடு மாறியாக வேண்டும். போவதானால் மே மாதத்தில் சில நாள் போய் வாருங்கள். கடைசியாக வந்த கல்விக் கடன் பணம் தீர்ந்து முதல் சம்பளம் வரும்வரையுள்ள வாரங்களுக்குப் பணத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் செலவழியுங்கள். மாணவர் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது, புதிய மருத்துவமனையின் காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு மாதம் விழுந்து, அந்த மாதத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வீடுகளை அறிவேன். அந்தத் தொலைபேசி அழைப்புகளையெல்லாம் அவரே செய்யட்டும். இப்போது அவருக்குத்தானே நேரம் இருக்கிறது.