சீஸ் வழியாத வெங்காய வளையம்

கேள்வி: சீஸ் வைத்த வெங்காய வளையம் பொரித்தால், பாதி சீஸ் எண்ணெயில் வழிந்துவிடுகிறது. சில்லி பைட்டுக்குக் (இங்கே பக்கோடாவுக்கு வழங்கும் பெயர்) கரைக்கும் கடலை மாவில்தான் தோய்க்கிறேன். எங்கே தவறு? – வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: மாவும் ஒரு காரணம், முக்கியமான காரணம் குளிர் போதாதது. பெரிய வெங்காயத்தை 1 செ.மீ. கனத்தில் வெட்டி, பெரிய வளையத்துக்குள் சின்னதை வையுங்கள். இடுக்கில் மொசரெல்லா சீஸ் கீற்றுகளை நெருக்கிச் செருகுங்கள். தண்ணீரில் மிதக்கும் மொசரெல்லா வேண்டாம், ஈரம் வெடிக்கும். கட்டியாக விற்பதே சரி. செடார் சீஸ் உருகும்போது எண்ணெய் கக்கும். ஃப்ரீசரில் 1 மணி நேரம் இறுகட்டும்.

வளையத்தின் உட்புறச் சவ்வை முதலிலேயே உரித்துவிடுங்கள். அது இருந்தால் பூச்சு கழன்றுவிடும். கடலை மாவுக்குப் பதில் மைதா, அடித்த முட்டை, ரொட்டித்தூள் என்ற வரிசையில் தோய்த்தெடுங்கள். பிறகு மறுபடி முட்டை, தூள். இந்த இரண்டாவது பூச்சைச் சோம்பலில் விடுபவர்களே அதிகம், சீஸ் வழிவதும் அங்கேதான். இன்னும் 30 நிமிடம் ஃப்ரீசர்.

எண்ணெய் 180 டிகிரி, ஒரு முறைக்கு மூன்று நான்கு, சுமார் 2 நிமிடம். அதிகம் போட்டால் சூடு இறங்கி, பூச்சு இறுகுமுன் சீஸ் உருகிவிடும்.