உங்கள் கதையை நீங்களே வாசியுங்கள், ஆனால் கொஞ்சமாக

கேள்வி: என் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்திருக்கிறது. அடுத்த மாதம் ஒரு வாசகர் சந்திப்பு. "நீங்களே 40 நிமிடம் வாசியுங்கள், அதன்பின் அரை மணி நேரம் கலந்துரையாடல்" என்கிறார்கள். எனக்கு மேடை பழக்கமில்லை. வீட்டில் உரக்க வாசித்துப் பார்த்தேன். நான் எழுதிய வரிகளே என் வாயில் நுழையவில்லை, மூச்சு முட்டுகிறது. நன்றாக வாசிக்கக்கூடிய தோழி ஒருத்தி இருக்கிறாள், அவளை வாசிக்கச் சொல்லிவிடலாமா? இன்னொரு சங்கடம். தலைப்புக் கதையில் ஒரு மாமியார் வருகிறார். படித்தவர்கள் எல்லோரும் அது என் மாமியார்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவரும் கூட்டத்துக்கு வருவதாக இருக்கிறார். "இது உங்கள் சொந்தக் கதையா?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்ல?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதல் வேலையாக அந்த 40 நிமிடத்தை 15 ஆக்கச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கூட்டம் நடத்துகிறவர்களுக்கு நேரம் மிச்சமானால் சந்தோஷம், இழுத்தால்தான் வயிற்றெரிச்சல். புத்தகம் படிப்பவர் கவனம் சிதறினால் ஒரு பக்கம் பின்னால் போய்ப் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு பெயரைத் தவறவிட்டு, 'யார் இந்தச் சுந்தரம்?' என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் இரண்டு பத்தி தாண்டியிருப்பீர்கள். இருபது நிமிடத்துக்கு மேல் போனால், எவ்வளவு நல்ல கதையானாலும் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். இப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றை நடத்திக்கொடுத்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

தோழி வேண்டாம். அவர் உங்களைவிட நன்றாக வாசிப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வருகிறவர்கள் எழுதியவரைப் பார்க்க வருகிறார்கள். எந்த வரியில் நீங்கள் வேகம் எடுக்கிறீர்கள், எதைச் சும்மா சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள், எந்த இடத்தில் உங்களுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது என்பதெல்லாம் எந்த நல்ல வாசிப்பாளரிடமும் கிடைக்காது. குரல் நடுங்கத்தான் செய்யும். பெரும்பாலானவர்களுக்கு அது முதல் பக்கத்தோடு சரி.

இனி மூச்சு முட்டும் விஷயம். இது உங்கள் எழுத்தின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்காக எழுதியதை வாயில் போட்டால் இப்படித்தான் முரண்டு பிடிக்கும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் பேச்சுக் கச்சேரிகளில் கொடிகட்டிப் பறந்தவர். அவரே 1884-85இல் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள் என்ற எழுத்தாளருடன் சேர்ந்து ஊர் ஊராகப் போய்த் தன் புத்தகங்களிலிருந்து வாசிக்கக் கிளம்பியபோது ஆரம்பத்தில் சொதப்பினார். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் மாதிரி மேடையேறி, புத்தகத்தைப் பிரித்து வாசித்தால் போதும் என்று நினைத்ததாகப் பிற்காலத்தில் சுயசரிதையில் எழுதுகிறார். எழுத்து நடை விறைப்பானது, அதை உடைத்துத் தளர்த்திப் பேச்சாக்கினால்தான் சபையில் எடுபடும் என்பது அவர் கண்ட பாடம். பிறகு பகுதிகளை மனப்பாடம் செய்துகொண்டு, புத்தகம் இல்லாமலே சொல்ல ஆரம்பித்தார்.

வேடிக்கை என்னவென்றால், டிக்கன்ஸும் புத்தகத்தைப் பிரித்து அப்படியே வாசித்தவர் இல்லை. 1853 டிசம்பரில் பர்மிங்காமில் தன் கிறிஸ்துமஸ் கதையை முதன்முதலாகப் பொதுமேடையில் வாசித்தபோது ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடித்தது. அதன்பின் வெட்டத் தொடங்கினார். அச்சான பக்கங்களைப் பிரித்து எடுத்து, அகலமான தாள்களில் பதித்து, பத்தி பத்தியாக அடித்து, இணைப்பு வரிகளைக் கையால் எழுதிச் சேர்த்தார். குரல் இங்கே மர்மமாக இருக்கட்டும், இங்கே உற்சாகமாக இருக்கட்டும் என்று ஓரத்தில் தனக்குத் தானே குறிப்பும் போட்டுக்கொண்டார். அந்தப் பிரதி இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஆள், அதுவும் உலகமே அறிந்த கதையை, மேடைக்கென்று தனியாக ஒரு பிரதி செய்துகொண்டுதான் போனார். நீங்களும் ஒன்று செய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து உங்கள் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

எப்படி என்று சொல்கிறேன். உங்கள் கதையில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"இன்னும் கிளம்பலையா?" என்று, ஈரத்தலையைத் துவட்டியபடியே கதவோரம் வந்து நின்று, உள்ளே இருந்தவனைப் பார்க்காமலே கேட்டாள் மாலதி.

தாளில் இதற்கு ஒரு குறையும் இல்லை. மேற்கோள் குறி கண்ணில் படுகிறது, யாரோ பேசுகிறார் என்று தெரிகிறது, வரியின் கடைசியில் மாலதியும் வந்துவிடுகிறாள். காதுக்கு மேற்கோள் குறி கிடையாது. கேட்கிறவர் அந்தக் கேள்வி யாருடையது என்று தெரியாமல் மாலதி வரும்வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். மேடைப் பிரதியில் அதையே இப்படி மாற்றலாம்:

மாலதி கதவோரம் வந்து நின்றாள். தலையில் ஈரம். துவட்டிக்கொண்டே, அவனைப் பார்க்காமலே கேட்டாள்: "இன்னும் கிளம்பலையா?"

ஆளை முன்னால் கொண்டுவந்து, பேச்சைப் பின்னால் தள்ளியதோடு சரி. தமிழில் வினை கடைசியில் வருவதால் எச்சங்களாக அடுக்கி அடுக்கி எழுதுவது நமக்கெல்லாம் கைவந்த பழக்கம். உங்களுக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் அங்கேதான். இரண்டு எச்சத்துக்கு மேல் போகும் வாக்கியத்தை முறித்துவிடுங்கள். 'அவன்' என்று இருக்கும் இடங்களில் பாதியில் பெயரைப் போடுங்கள். கதைக்குத் தேவையில்லாத பெயர் அந்தப் பகுதியில் வந்தால் பெயரை எடுத்துவிட்டு 'பக்கத்து வீட்டுக்காரர்' என்றே வாசியுங்கள். வட்டார வழக்கில் எழுதிய உரையாடலை உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே சொல்லுங்கள், மேடை என்பதற்காகச் செந்தமிழாக்க வேண்டாம். அச்சிலிருப்பதை மாற்றலாமா என்று மனசாட்சி குத்தினால், புத்தகம் உங்களுடையது என்பதை அதற்கு நினைவூட்டுங்கள். கையில் புத்தகத்தோடு வரிவரியாகச் சரிபார்ப்பவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். இருந்துவிட்டுப் போகட்டும்.

எந்தப் பகுதி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பாதிப் பேர் கோட்டைவிடுவது அதில்தான். உங்களுக்கு ரொம்பப் பிடித்த பத்தியை எடுக்காதீர்கள். அது அனேகமாக வர்ணனையாகவோ கதையின் முடிவாகவோ இருக்கும். இரண்டு மூன்று பேர் மட்டும் இருக்கும், பேச்சு இருக்கும், ஏதோ ஒன்று நடக்கப்போகிற காட்சியாகப் பாருங்கள். முன்கதை தெரியாதவருக்கும் இரண்டு வாக்கிய அறிமுகத்தில் பிடிபட வேண்டும். அறிமுகம் மூன்றாவது நிமிடத்தைத் தொட்டால் அது தப்பான பகுதி, வேறு எடுங்கள். கொஞ்சம் சிரிப்பு வருகிற பகுதியாக இருந்தால் ரொம்ப நல்லது. சபை சிரித்த பிறகு உங்கள் தோள் தானாக இறங்கும். முடிவு வரை வாசிக்காமல் ஒரு படி முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். புத்தகம் விற்கவேண்டும் இல்லையா?

ஆங்கில ஒலிநூல்களில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொல் என்று ஒரு கணக்கு உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அந்தக் கணக்கை நம்பி உட்காராதீர்கள். கைபேசியில் பதிவு செய்து, உங்களுக்கு ஒரு பக்கம் எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். மேடையில் பயத்தில் வேகம் கூடும் என்பதால் வீட்டில் மெதுவாகவே பழகுங்கள். பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்செடுங்கள். பக்க எண் போடுங்கள். தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், வாக்கியம் பக்கம் மாறி ஓடவும் விடாதீர்கள். தாள் புரளும் சத்தத்தை மைக் பெரிதாக்கிக் காட்டும்.

கலந்துரையாடலுக்கு வருவோம். குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73. வரிசை அப்படி அமைந்திருப்பது எனக்கு எப்போதும் நியாயமாகப் படும். வருகிறவர்கள் யார், எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் புத்தகத்தைப் படித்திருப்பார்கள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படித்தவர்கள் அதிகமென்றால் வாசிப்பை இன்னும் சுருக்கிவிட்டுப் பேச்சுக்கு இடம் கொடுங்கள். படிக்காதவர்கள் அதிகமென்றால் கதை முடிவைப் பேச வேண்டாம் என்று நெறியாள்கை செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் கேள்வியை அவரே கேட்கட்டும். "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்றதும் வரும் அமைதியில் புது எழுத்தாளர்கள் பதறிப்போய் உளறத் தொடங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சபையில் எழுகிற கேள்வியை நீங்கள் ஒருமுறை மைக்கில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கும். கேள்வி என்று ஆரம்பித்துச் சொற்பொழிவு ஆற்றுபவரைச் சமாளிப்பது நெறியாள்பவர் பாடு, நீங்கள் தலையாட்டினால் போதும். யாராவது கதையை நீங்கள் நினைக்காத விதமாகப் புரிந்துகொண்டு பேசினால் திருத்தப் போகாதீர்கள். "அப்படி நான் யோசிக்கவில்லை, எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?" என்று கேளுங்கள். கதையின் பொருளை விளக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எப்படி எழுதினீர்கள், எதை வெட்டினீர்கள், முதலில் எங்கே தொடங்கியிருந்தீர்கள் என்பதையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம், சபைக்கும் அதுதான் சுவாரஸ்யம். ஒருவர் புத்தகம் பிடிக்கவில்லை என்றால், படித்ததற்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். வாதாடினால் அன்றைய கூட்டத்தில் எல்லோருக்கும் அதுதான் ஞாபகம் இருக்கும்.

"சொந்தக் கதையா?" என்பது வந்தே தீரும். பெண்கள் எழுதினால் இரண்டு மடங்கு நிச்சயம். கோபப்பட்டால் ஆமாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள், சத்தியம் செய்தாலும் அதே கதிதான். "பார்த்தது கொஞ்சம், கேட்டது கொஞ்சம், மீதி கற்பனை. எது எது என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியாது" என்று சிரித்தபடி சொல்லுங்கள். திரும்பவும் துருவினால், அந்தப் பாத்திரத்தை அமைத்ததில் உங்களுக்கு எது கஷ்டமாக இருந்தது என்று பேச்சைக் கதைக்கு இழுத்து வந்துவிடுங்கள்.

மாமியார் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. அன்றைக்குத் தலைப்புக் கதையை வாசிக்காதீர்கள். நீங்கள் வாசித்தால் சபையில் பாதி அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், கதை யார் காதிலும் ஏறாது. தொகுப்பில் வேறு கதைகள் இருக்கின்றன அல்லவா? ஆனால் அவர் அந்தக் கதையை அங்கே யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, "இதில் ஒரு மாமியார் வருகிறார். அது நீங்கள்தான் என்று நாலு பேர் சொல்கிறார்கள். நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். படிக்கும் பழக்கம் இல்லாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள், உங்களுக்கும் ஒத்திகை ஆயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடி வைத்தால் "எப்படி இருந்தது?" என்று பின்னாலேயே போகாதீர்கள். கூட்டத்துக்கு வருவதும் வராததும் அவர் விருப்பம். வந்தால் முதல் வரிசையில் வேண்டாம், உங்கள் தோழியின் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுங்கள்.