எட்டாம் வகுப்பில் ஊர் திரும்பும் மகளுக்கு எந்தப் பள்ளி?

சார்ஜாவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவரின் வேலை ஒப்பந்தம் வரும் மார்ச்சுடன் முடிகிறது. குடும்பம் பாளையங்கோட்டைக்கே திரும்புகிறது. சார்ஜாவிலுள்ள இந்தியப் பள்ளியில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரே மகளை எட்டாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்பது கேள்வி. கணவரின் அண்ணன், எட்டாம் வகுப்பிலிருந்தே நீட் பயிற்சி தரும் ஒரு விடுதிப் பள்ளியில் பேசிவைத்துவிட்டு, முன்பணம் கட்டச் சொல்லி வாரந்தோறும் அழைக்கிறார். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை சர்வதேசப் பள்ளியில்தான் ஒட்டுவாள் என்று தோழிகள் சொல்கிறார்கள். மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், எழுத வராது.

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் பள்ளி மாறுவதால் மட்டும் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை. முதல் பருவத்தில் அழுவாள், இரண்டாம் பருவத்தில் ஒரு தோழி கிடைப்பாள், அதன் பிறகு உங்களைவிட அவளுக்கு ஊர் நன்றாகத் தெரியும். என்னால் தரக்கூடிய ஆறுதல் இவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் நான் உடன்பட முடியாத இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. அவற்றை வெளிப்படையாகவே பேச வேண்டும்.

விடுதிப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். நீட் எழுத, சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்பதையே அவள் பத்தாம் வகுப்பு முடித்த பிறகுதான் முடிவு செய்யப்போகிறாள். பதினாறு வயது நிரம்பாதவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. அதே பயிற்சியைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவந்து, ‘ஒருங்கிணைந்த பாடத்திட்டம்’ என்று பெயரிட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நடத்துவதை நான் ஏற்பதில்லை. அந்த வயதில் கணக்கையும் அறிவியலையும் நிதானமாக, பிழை செய்து, திருத்திப் படித்த பிள்ளைதான் பிற்பாடு எந்தப் போட்டித் தேர்வையும் தாங்குகிறாள். விடைத்தாளில் வட்டங்களை நிரப்பும் பழக்கத்தை நான்கு ஆண்டுகள் முன்னதாகத் தொடங்குவதால் அந்த அடித்தளம் வந்துவிடாது.

அதைவிட முக்கியமானது, உங்கள் கடிதத்தின் இறுதியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருப்பது. மகள் நோட்டுப் புத்தகங்களின் பின்பக்கத்தில் ஓயாமல் வீட்டு வரைபடங்கள் வரைகிறாள், எந்த அறையில் எங்கிருந்து வெயில் வரும் என்று கோடு போட்டுக் காட்டுகிறாள், “ஆச்சி வீட்டில்தானே இருப்போம்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்கிறீர்கள். மருத்துவம் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதாகக் கடிதத்தில் இல்லை. அவள் கட்டடக் கலைஞராகத்தான் ஆவாள் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஊர் திரும்பும் முதல் நாளே ஆச்சியிடமிருந்தும் உங்களிடமிருந்தும் பிரித்து, அவள் கேட்காத ஒரு தொழிலுக்காக விடுதியில் விடுவது சரியல்ல. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். உங்கள் கொழுந்தனாரோ மைத்துனரோ அல்ல, கணவரின் அண்ணன் என்பதால் நேரில் மறுக்க உங்களுக்குத் தயக்கம் இருப்பது புரிகிறது. அந்தப் பேச்சைக் கணவர்தான் பேச வேண்டும். “பத்தாம் வகுப்புக்குப் பிறகு பார்க்கலாம், அண்ணா” என்ற ஒரே பதிலை ஒவ்வொரு முறையும் சொன்னால் போதும். முன்பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள். ஒருமுறை கட்டிவிட்டால், பணம் போய்விடுமே என்ற எண்ணமே பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

பணக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு 2.75 லட்சம் ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டணம் ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஐந்து ஆண்டுகளுக்கு 13.75 லட்சம். நீங்கள் விசாரித்த சர்வதேசப் பள்ளியின் கட்டணம் அதைவிடவும் அதிகம். அது உங்கள் ஊரிலும் இல்லை, குடும்பமே இடம்பெயர வேண்டியிருக்கும். கணவருக்கு ஊரில் என்ன வருமானம் என்பது இன்னும் முடிவாகாத நேரம் இது. அவருக்கு வரும் பணிக்கொடை, குடும்பம் காலூன்றும் வரை கையில் இருக்க வேண்டிய பணம். அதிலிருந்து பள்ளிக் கட்டணம் கட்டும் எந்தத் திட்டத்துக்கும் நான் உடன்பட மாட்டேன். வாங்கும் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்ட முடிகிற கட்டணமே உங்கள் எல்லை. சம்பளம் தெரியாதபோது, அந்த எல்லையைத் தாழ்வாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே பாடத்திட்டத்தில் ஊரிலுள்ள ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் தொடர்வது எல்லோருக்கும் தெரிந்த வழி. அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. தமிழிலிருந்து தப்பிக்கலாம் என்ற எண்ணத்தில் மட்டும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், 2014-இல் வந்த அரசாணையின் வழியாக மற்ற வாரியப் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டு, 2015–16 முதல் முதலாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறி வந்திருக்கிறது.

நீங்கள் ஒரு வரி கூடக் குறிப்பிடாத வழி ஒன்று உங்கள் வாசலிலேயே இருக்கிறது. தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டைக்குப் பெயர் வாங்கித் தந்தவை அங்குள்ள பழைய அரசு உதவிபெறும் பள்ளிகள். நூறு ஆண்டுகளைத் தாண்டிய பள்ளிகள் அவற்றில் உண்டு. விளையாட்டு மைதானமும் மர நிழலும் நூலகமும் உள்ள வளாகங்கள். மகளால் ஆச்சி வீட்டிலிருந்து சைக்கிளிலேயே போய்வர முடியும். உறவினர்கள் இவற்றை எண்ணிப் பார்க்காததற்குக் காரணம் கட்டணம் குறைவு என்பதுதான். குறைந்த கட்டணத்தைக் குறைந்த தரம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

உதவிபெறும் பள்ளியில் அரசு அனுமதித்த பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்கு அரசே சம்பளம் தருகிறது. ஆகவே அவர்கள் ஆண்டுக்கொரு பள்ளி மாறுவதில்லை. ஒரே கணக்காசிரியை எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் உங்கள் மகளைப் பார்க்க வாய்ப்பு உண்டு. இடம் மாறி வரும் பிள்ளைக்கு இது பெரிய பலம். ஆனால் நேரில் போகும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: ஆங்கில வழி வகுப்பு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? பல பழைய பள்ளிகளில் தமிழ் வழி வகுப்புகள் உதவிபெறுபவையாகவும், ஆங்கில வழி வகுப்புகள் நிர்வாகமே கட்டணம் வாங்கி நடத்தும் சுயநிதிப் பிரிவாகவும் இருக்கும். சுயநிதிப் பிரிவில் ஆசிரியர் சம்பளம் நிர்வாகத்தின் பொறுப்பு. அங்கே யார் பாடம் நடத்துகிறார்கள், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள், ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இலவசப் பாடநூல், சத்துணவு போன்றவை எந்தப் பிரிவுக்கு உண்டு, எதற்கு இல்லை என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தரம் குறைந்தவை என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். 2018 முதல் படிப்படியாக வெளிவந்த நூல்களை ஒருமுறை திறந்து பாருங்கள். அவற்றை இணையத்திலிருந்து இலவசமாகவே தரவிறக்கலாம். எட்டாம் வகுப்பு அறிவியல் நூலையும் மகளின் இப்போதைய நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவள் மிரள வேண்டிய எதுவும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆங்கில வழியில் பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆசிரியர் விளக்கம் மட்டும் இடையிடையே தமிழில் வரும். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு அது உதவியே.

உண்மையான சவால் தமிழ்ப் பாடம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழும் ஒரு தாள். நூற்றுக்கு 35 எடுத்தால்தான் தேர்ச்சி. செய்யுளை மனப்பாடமாக எழுத வேண்டும், கடிதம் எழுத வேண்டும், கட்டுரை எழுத வேண்டும், குறளை அலகிட்டு வாய்பாடு சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் வந்தால் இதற்கு மூன்று முழு ஆண்டுகள் கிடைக்கும் என்பதே உங்கள் குடும்பத்தின் நல்ல நேரம். ஒன்பதாம் வகுப்பில் வந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன்.

அதனால் சார்ஜாவிலிருந்தே தொடங்குங்கள். எட்டாம் வகுப்புத் தமிழ் நூலை இப்போது அவள் கையில் கொடுக்காதீர்கள், பயந்துவிடுவாள். மூன்றாம் வகுப்பு நூலை எடுத்து நாளுக்கு ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மாலையில் ஆச்சியைக் காணொளியில் அழைத்து, ஐந்து வரிகளை அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதட்டும். ரகர றகரமும், லகர ளகர ழகரமும், னகர ணகர நகரமும் முதல் மாதங்களில் குழம்பும். ஒவ்வொரு பிழையையும் திருத்தாமல் ஒரு வாரத்துக்கு ஓர் எழுத்தை மட்டும் கவனியுங்கள். மூன்றாம் வகுப்பு நூல் முடிந்ததும் ஐந்தாம் வகுப்பு நூல். அங்குள்ள இந்தியப் பள்ளிக்கு ஏப்ரலில் புதிய ஆண்டு தொடங்கும், நம் ஊர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதம். இடையில் கிடைக்கும் இரண்டு மாதங்களில் ஆறாம் வகுப்பு நூலின் உரைநடைப் பகுதிகளை முடித்துவிடலாம். செய்யுளும் ‘கற்கண்டு’ என்று வரும் இலக்கணப் பகுதியும் வகுப்பிலேயே வரட்டும். வீட்டில் நேரமில்லை என்றால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் மழலைக் கல்வி, சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன.

சேர்க்கையில் உங்களுக்குள்ள உரிமைகளையும் சொல்கிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது, நன்கொடை கேட்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கவும் கூடாது. அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவும் முடியாது. ஆனால் உங்கள் ஊரின் பழைய பள்ளிகளில் பல சிறுபான்மையினர் நடத்துபவை. அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அங்கே சட்டத்தைப் பேசிப் பயனில்லை. தலைமையாசிரியரை முன்கூட்டியே பார்த்துப் பேசுவதே வழி. குளிர்கால விடுமுறையில் ஊருக்கு வரும்போது மகளையும் அழைத்துப் போங்கள். இரண்டு மூன்று பள்ளிகளைப் பார்த்துவிட்டு அவள் சொல்வதைக் கேளுங்கள். கட்டணமும் தூரமும் ஒத்துவரும் பள்ளிகளுக்குள் எது என்ற முடிவு அவளுடையதாக இருக்கட்டும்.

எங்கும் இடமில்லை என்றால் அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியைத் தயங்காமல் கேளுங்கள். ஆனால் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிச் சேர்க்காதீர்கள். அதற்கு ஆறாம் வகுப்பு முதலே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்துவிட்டால் பொறியியல் கலந்தாய்வில் நேட்டிவிட்டி என்று எல்லோரும் சொல்லும் பிறப்பிடச் சான்றிதழைத் தனியாகக் கேட்க மாட்டார்கள். மருத்துவச் சேர்க்கைக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு என்பதால், அதை இ-சேவை மையம் வழியாக வாங்கி வைப்பதே நல்லது. சாதிச் சான்றிதழுக்கும் அதே மையம்தான்.

காகிதங்களில் ஒன்றை மட்டும் ஊரிலிருந்து சரிசெய்வது கடினம்: மாற்றுச் சான்றிதழ். மார்ச் தேர்வு முடிந்ததும் அதை வாங்கி, அமீரகக் கல்வித் துறையிடமும் வெளியுறவுத் துறையிடமும் ஒப்பம் பெற்று, துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பத்தையும் வாங்குங்கள். மகள் அங்கே பிறந்தவள் என்றால் பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் படிக்கும் இவற்றையே செய்யுங்கள். கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல்களும் கையோடு வரட்டும். இந்தியக் கடவுச்சீட்டு இருப்பதால் ஆதாருக்கு ஊர் வந்ததுமே விண்ணப்பிக்கலாம். அது வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது என்பது ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 2018 தீர்ப்பிலேயே இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண்ணைப் புதிய பள்ளியே உருவாக்கிக்கொள்ளும். இந்த ஒப்பங்கள் எல்லாம் முடிந்த பிறகே கணவரின் விசாவை ரத்து செய்யக் கொடுக்கச் சொல்லுங்கள்.