எம்.எம்.ஏ. மோதலே ஆடாத பில்லி ராபின்சன்

கேள்வி: “இங்கிலாந்தின் கேட்ச் மல்யுத்தத்திலிருந்து வந்தவர்களில் எம்.எம்.ஏ.வுக்கு அதிகம் கொடுத்தவர் யார்? அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?”

யோசிக்காமல் சொல்வேன்: பில்லி ராபின்சன். இத்தனைக்கும் அவர் ஒரு எம்.எம்.ஏ. போட்டியில்கூட, அதாவது குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டைப் போட்டியில்கூட, இறங்கியதில்லை. எம்.எம்.ஏ.வின் பெரிய போட்டித் தொடரான யு.எஃப்.சி. முதன்முதலில் நடந்தது 1993 நவம்பரில். அப்போது அவருக்கு வயது 55. முழங்கால் எல்லாம் தேய்ந்து போயிருந்த காலம். ஆனாலும் அவரிடம் படித்தவர்கள் ஆடியதைப் பார்த்தால், ஆடியதில் பாதி அவர்தான் என்று தோன்றும்.

நான் எப்படி இவரிடம் வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஆறு வருடமாக ஜூஜுட்சு என்ற பிடிச்சண்டைக் கலை பழகுகிறேன். அங்கே ‘கிமுரா’ என்று ஒரு கைப்பூட்டு சொல்லிக்கொடுத்தார்கள். எதிராளியின் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையை அவன் மேல்கையைச் சுற்றிக் கொண்டுவந்து நம் மணிக்கட்டையே பற்றிக்கொள்ள வேண்டும். பிறகு அவன் கையை முதுகுப் பக்கமாகத் திருப்பினால் தோள் தாங்காது. எனக்கு இரண்டு வருடம் இது வரவேயில்லை. பலம் உள்ளவன் கையை இழுத்து உடம்போடு ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான். ஒருநாள் வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீ கையோட சண்டை போடற. முதல்ல அவனை நகர விடாம பண்ணு. அவன் முழங்கையை உன் நெஞ்சோட ஒட்டிக்கோ. அப்புறம் நீ கையைத் திருப்ப வேண்டாம், மொத்தமா நீயே திரும்பு.” அன்று பூட்டு விழுந்தது. இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். ஜப்பானிய எம்.எம்.ஏ. வீரர் சகுராபாவின் மோதல்களைப் பார், அப்புறம் அவருக்குச் சொல்லிக்கொடுத்த கிழவரைத் தேடு என்றார். அந்தக் கிழவர்தான் ராபின்சன். அவர் ஊரில் அந்தப் பிடிக்குப் பெயர் ‘டபுள் ரிஸ்ட்லாக்’. பிரேசிலின் பேர்பெற்ற ஜூஜுட்சுக் குடும்பமான கிரேசி குடும்பத்தின் ஹீலியோ கிரேசியை ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா 1951இல் பிரேசிலில் இதே பிடியால் வென்ற பிறகுதான் அங்கே இதற்குக் கிமுராவின் பெயர் வந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டார மல்யுத்த வீரர்கள் அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே இதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராபின்சன் 1938இல் மான்செஸ்டரில் பிறந்தவர். குத்துச்சண்டைக் குடும்பம். கையுறை இல்லாமல் மோதிய காலத்திலிருந்தே அந்த வீட்டில் சண்டைக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். இவரும் அந்த வழியில்தான் போயிருப்பார். சிறுவனாக இருந்தபோது கண்ணில் பட்ட காயம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. கண் சரியில்லாதவனுக்குக் குத்துச்சண்டை உரிமம் கிடையாது. அதனால் மல்யுத்தம். பதின்ம வயதில் விகன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

விகன் மான்செஸ்டருக்குப் பக்கத்திலுள்ள ஊர், அன்று நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே பில்லி ரைலி என்ற பழைய மல்யுத்த வீரர் ஓர் எளிய கொட்டகையில் பயிற்சிக்கூடம் நடத்திவந்தார். ‘ஸ்னேக் பிட்’, அதாவது பாம்புக் குழி என்று பின்னாளில் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது அந்தக் கொட்டகைதான். உள்ளே ஆடம்பரம் ஒன்றும் இல்லை. ஒரு பாய், அதன்மேல் ஆட்கள். புதிதாக வருகிறவனை மூத்தவர்கள் கசக்கிப் பிழிந்துவிடுவார்கள். மறுநாளும் வந்து நிற்கிறானா என்று பார்த்து, வந்தால்தான் சொல்லித்தருவார்கள். பெல்ஜியத்துக்காக 1948 ஒலிம்பிக்கில் ஆடிய கார்ல் காட்சும் பிறகு அதே கொட்டகைக்கு வந்து ஆரம்பத்திலிருந்து படித்தார். ஒலிம்பிக் வீரரே மறுபடி மாணவராக உட்கார்ந்த இடம் என்றால் அங்கே என்ன தரத்தில் வேலை நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே கேட்ச் மல்யுத்தத்தின் விதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ‘கேட்ச் ஆஸ் கேட்ச் கேன்’ என்பது முழுப் பெயர். எங்கே பிடி கிடைக்கிறதோ அங்கே பிடி என்று அர்த்தம். 19ஆம் நூற்றாண்டில் லங்காஷயரில் வளர்ந்தது. இன்றைய ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைலுக்கு இதுதான் தாய். வெற்றிக்கு இரண்டு வழி. எதிராளியின் இரண்டு தோளையும் தரையில் அழுத்த வேண்டும், அல்லது வலி தாங்காமல் அவன் ஒப்புக்கொள்ளும்படி பூட்டுப் போட வேண்டும். இரண்டும் ஒரே ஆட்டத்தில் இருப்பதுதான் இதன் உயிர். ஜூஜுட்சு ஆடுகிறவன் மல்லாந்து படுத்துக்கொண்டு கால்களால் எதிராளியை மடக்கி நிதானமாக யோசிக்கலாம். கேட்சில் மல்லாந்தால் தோள் தரையில் படும், தோற்றுவிடுவான். அதனால் முதுகு மண்ணைத் தொடாமல் தப்பிக்கத் திமிறுவான். திமிறும்போது ஒரு கையோ காலோ வெளியே வரும். மேலே இருப்பவன் அதைத்தான் பிடிப்பான். அதைக் காப்பாற்றப் போனால் தோள் தரையில் விழும்.

இதற்கு நம் நாட்டுப் பயில்வான் ஒருவரின் உதாரணமே இருக்கிறது. 1910 செப்டம்பரில் லண்டனில் கேட்ச் விதிப்படி காமாவும் போலந்தின் ஸ்பிஷ்கோவும் மோதினார்கள். காமா ஆரம்பத்திலேயே அவரைக் கீழே கொண்டுவந்துவிட்டார். அதன் பிறகு ஸ்பிஷ்கோ இரண்டரை மணி நேரம் பெரும்பாலும் தரையோடு ஒட்டிக் கிடந்தார். தோள் பட்டுவிடக் கூடாது என்ற ஒரே பயம். ஆட்டம் டிராவில் முடிந்தது. அடுத்த வாரம் மறுமோதலுக்கு ஸ்பிஷ்கோ வரவே இல்லை.

சரி, ராபின்சனிடம் வருவோம். 1957இல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றார். பிறகு தொழில்முறை மல்யுத்தம். 1960களின் நடுவில் ஐரோப்பிய ஹெவிவெயிட் பட்டத்தையும் பிரிட்டிஷ் ஹெவிவெயிட் பட்டத்தையும் பில்லி ஜாய்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஜாய்ஸும் ரைலியின் கொட்டகை ஆள்தான், ராபின்சனைப் பிழிந்தெடுத்து வளர்த்தவர்களில் ஒருவர். தான் பார்த்த எல்லாரிலும் சிறந்தவர் ஜாய்ஸ்தான் என்று ராபின்சன் கடைசிவரை சொல்லிவந்தார். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தத் தொழில்முறை மேடையில் யார் வெல்வது என்பது முன்கூட்டியே முடிவானது. பட்டங்களின் எண்ணிக்கையை வைத்து இவரை எடை போட முடியாது. பயிற்சிப் பாயில் கதவைச் சாத்திக்கொண்டு நடந்ததுதான் உண்மையான மோதல்.

1968இல் ஜப்பான் போனார். அங்கே ஐ.டபிள்யூ.இ. என்ற நிறுவனத்தின் முதல் உலக ஹெவிவெயிட் சாம்பியன் இவர்தான். இரண்டு கைகளையும் எதிராளியின் அக்குளுக்குள் கொடுத்துப் பூட்டி, அப்படியே தன் தலைக்கு மேலாகப் பின்பக்கம் சுழற்றி எறிவார். ஜப்பானியர்கள் அதற்கு ‘மனிதக் காற்றாலை’ என்று பெயர் வைத்தார்கள். பழைய காணொளிகளில் பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

1970களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் வெர்ன் கான்யா என்ற மல்யுத்த வீரரின் பண்ணையில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பின்னாளில் பெரிய மல்யுத்த நட்சத்திரங்களான ரிக் ஃப்ளேர், அயர்ன் ஷீக் எல்லாம் அந்த முகாமில் வந்தவர்கள். அங்கே அவர் நடந்துகொண்ட விதம் பற்றி நல்ல பேச்சு மட்டும் இல்லை. இளைஞர்களை இரக்கமில்லாமல் வதைத்தார் என்று அவரிடம் பட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள். விகன் கொட்டகையின் முரட்டுத்தனம் அப்படியே கூட வந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் அளவில்லாத மரியாதை உண்டு. ஆனால் கற்க வந்தவனைக் காயப்படுத்தி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. இளைஞனாக இருந்தபோது அவரிடம் நான் படித்திருக்க மாட்டேன்.

அவருடைய மேடை வாழ்க்கையில் ஒரே ஒரு மோதலைப் பார்க்க நேரம் இருந்தால், 1975 டிசம்பர் 11இல் டோக்கியோவில் ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகியோடு ஆடியதைப் பாருங்கள். முழு 60 நிமிடம். முதல் சுற்றை ராபின்சன் எடுத்தார். நேரம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது இனோகி சமன் செய்தார். முடிவு எழுதி வைத்ததாக இருக்கலாம், நடுவில் அவர்கள் பிடிக்காகப் போராடுவதைப் பார்த்தால் ஒரு மணி நேரம் போனதே தெரியாது. இனோகிக்குச் சொல்லிக்கொடுத்தவர் கார்ல் காட்ச். ஆக, மேடையின் இரண்டு பக்கமும் நின்றது விகன் கொட்டகையின் பாடம்தான்.

காட்சின் பயிற்சியில் பஸ்கியும் தண்டாலும் நூற்றுக்கணக்கில் உண்டு. ஜப்பானியப் பயிற்சிக்கூடங்களில் பஸ்கிக்கு இன்றும் ‘ஹிண்டு ஸ்குவாட்’ என்றுதான் பெயர். என் தாத்தா விடியற்காலையில் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு எடுத்த அதே பஸ்கி. முதல் தடவை இதைப் படித்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இனிமேல்தான் உங்கள் கேள்விக்கான இடம் வருகிறது. 1990களில் ஜப்பானில் யு.டபிள்யூ.எஃப். இன்டர்நேஷனல் என்று ஒரு நிறுவனம். மேடை மோதல்கள் அங்கேயும் முன்முடிவானவைதான், ஆனால் நிஜச் சண்டை மாதிரியே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதம். வீரர்களுக்குப் பூட்டுகள் சொல்லிக்கொடுக்க ராபின்சனை அழைத்தார்கள். அந்தக் கூடத்தில் கல்லூரி மல்யுத்தம் முடித்துவிட்டு வந்த ஒல்லியான பையன் ஒருவன் இருந்தான். பெயர் கசுஷி சகுராபா.

அந்தப் பையன் பிறகு செய்தது எம்.எம்.ஏ. ரசிகர்களுக்கு மனப்பாடம். 1997 டிசம்பரில் யோகோஹாமாவில் யு.எஃப்.சி. போட்டியில் தன்னைவிட எவ்வளவோ கனமான மார்க்கஸ் சில்வேராவைக் கைப்பூட்டில் ஒப்புக்கொள்ள வைத்தான். 1999 நவம்பரில் ராய்லர் கிரேசி, டபுள் ரிஸ்ட்லாக். 2000 மே 1 அன்று டோக்கியோ டோமில் ராய்ஸ் கிரேசியோடு 90 நிமிடம். ராய்ஸின் தரப்பிலிருந்து, தோல்வியை ஒப்புக்கொள்ளும் டவல் விழுந்து முடிந்தது. அதே இரவில் சகுராபா, இகோர் வோவ்சான்சின் என்ற ஹெவிவெயிட்டோடு இன்னும் 15 நிமிடம் மோதிவிட்டுத்தான் நின்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரென்சோ கிரேசி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதெல்லாம் ராபின்சன் ஒருவரால் வந்ததா என்றால், இல்லை. சகுராபாவின் அமெச்சூர் மல்யுத்த அடித்தளம், அவருடைய கற்பனை, துணிச்சல் எல்லாம் அவருடையது. ஆனால் கிரேசிகளுக்கு எதிராக அவரிடம் இருந்த தனி ஆயுதம் டபுள் ரிஸ்ட்லாக். அதற்குள் இருந்த எண்ணம் ராபின்சனுடையது: பூட்டைத் தேடி ஓடாதே. எதிராளியை அசௌகரியமான நிலைக்குக் கொண்டுபோ, அவனே உனக்குப் பூட்டைத் தருவான். ராபின்சன் பிடிகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கமாட்டார். எப்படிக் கற்பது என்பதைக் கற்றுக்கொள் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம்.

1999இல் டோக்கியோவின் கோயன்ஜி பகுதியில் யூகோ மியாதோ ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். ‘ஸ்னேக் பிட் ஜப்பான்’ என்று பெயர். ராபின்சன் அங்கேயே வந்து தங்கி வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார். ஆரம்பப் பாடம் படிக்க வந்த அலுவலக ஊழியர்களுக்கும் அவர்தான் வாத்தியார். கையில் ஊன்றுகோல், உடம்பு ஒத்துழைக்காத வயது. அந்தக் காலத்துக் காணொளிகளில் அவர் எதிராளியின் கால் இரண்டு அங்குலம் தள்ளியிருப்பதைக் கோலால் காட்டித் திருத்துவார். மினசோட்டாவில் பயந்து ஓடவைத்த அதே மனிதரா என்று ஆச்சரியமாக இருக்கும். இந்த ராபின்சனிடம் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் படித்திருப்பேன்.

ஜோஷ் பார்னெட்டும் அவரிடம் படித்தவர். 2002இல் யு.எஃப்.சி. ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். ராபின்சன் 2014இன் தொடக்கத்தில் 75ஆவது வயதில் இறந்தார். அந்த ஆகஸ்டில் பார்னெட், டீன் லிஸ்டர் என்ற ஜூஜுட்சு மேதையோடு பிடிச்சண்டைப் போட்டியில் இறங்கினார். போட்டியில் லிஸ்டரை யாரும் ஒப்புக்கொள்ள வைத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பார்னெட் நுணுக்கமான பூட்டு எதற்கும் போகவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, தலையையும் கையையும் சேர்த்துக் கட்டி, நெஞ்சின்மேல் மொத்த எடையையும் இறக்கினார். கடைசி நேரத்தில் லிஸ்டர் தட்டிவிட்டார், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். தோளைத் தரையில் அழுத்தும் விகன் பிடி எவ்வளவு வலிக்கும் என்பது அன்று தெரிந்தது.

விகனில் இன்றும் அந்த மரபு இருக்கிறது. ரைலியின் மாணவர் ராய் வுட் பக்கத்து ஊரான ஆஸ்புலில் கூடத்தைத் தொடர்ந்து, சிறு பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது ரென்சோ மோதல். 2000 ஆகஸ்ட் 27, ப்ரைட் என்ற ஜப்பானிய எம்.எம்.ஏ. தொடரின் ‘ப்ரைட் 10’ போட்டி. இரண்டாவது ரவுண்டு முடியச் சில வினாடிகளே பாக்கி. ரென்சோ பின்னாலிருந்து சகுராபாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறார். சாதாரணமாகப் பார்த்தால் ரென்சோவின் கை ஓங்கியிருக்கும் நிலை. அந்த இடத்தில் காணொளியின் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கைகளைப் பார்க்காமல் சகுராபாவின் பாதங்களைப் பாருங்கள். மணிக்கட்டு ஏற்கனவே பூட்டில் இருக்கிறது, ஆனால் அவர் கையைத் திருப்பவில்லை. பாதம் திரும்புகிறது, இடுப்பு திரும்புகிறது, அதோடு மொத்த உடம்பும் சுழல்கிறது. ரென்சோ கீழே வரும்போது முழங்கை போய்விட்டது. ரென்சோ தட்டவில்லை, நடுவர்தான் நிறுத்தினார். பிறகு அதே கையோடு மைக்கை வாங்கித் தோல்வியைச் சாக்குச் சொல்லாமல் ஒப்புக்கொண்டார். அதையும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.