எடை குறைந்த சக்கரம் வாங்கும் முன்

கேள்வி: கோயம்புத்தூரில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக அலுமினிய ரோடு பைக் ஒன்றை ஓட்டி வருகிறேன். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 11 ஸ்பீட் ஷிமானோ கியர், 28 மி.மீ. டயர். மாதம் இரண்டு முறையாவது மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறுவேன். வண்டியுடன் வந்த சக்கரங்கள் மிகவும் கனம், அவற்றை மாற்றினால் ஏற்றம் எளிதாகிவிடும் என்று உடன் ஓட்டும் நண்பர்கள் சொல்கிறார்கள். என் எடை 78 கிலோ. 45,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கார்பன் வாங்கலாமா, அலுமினியமே போதுமா?

பதில்: முதலில் உங்கள் சக்கரங்களை நீங்களே நிறுத்துப் பாருங்கள். பயணப்பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். என் வண்டியின் பழைய பின்சக்கரத்தை அப்படித் தொங்கவிட்டபோது 1,990 கிராம் காட்டியது. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி நிறுத்தேன்: கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) 300, டிஸ்க் 120, டியூப் 110, டயர் 370, வெறும் சக்கரம் 1,090. அந்த டயரின் விளிம்பில் இரும்புக் கம்பி இருந்தது. மடிக்க முயன்றால் கையை உதறிக்கொண்டு மறுபடி வட்டமாக விரிந்துவிடும். சக்கரம் கனம் என்று நான் நினைத்திருந்ததில் ஏறத்தாழ அரைக் கிலோ, டயரும் டியூபும்தான்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், விற்பனையாளர்கள் குறிப்பிடும் எடை வெறும் சக்கரத்தின் எடை மட்டுமே. டயர், டியூப், டிஸ்க், கேசட் எதுவும் அதில் சேராது. பல சமயம் ரிம் டேப்பும், டியூப் இல்லாமல் ஓட்டும் டியூப்லெஸ் டயருக்கான வால்வும்கூடச் சேராது. ஆரம்ப, நடுத்தர விலை டிஸ்க் வண்டிகளுடன் வரும் சக்கரங்கள் ஜோடி 1,900 முதல் 2,100 கிராம் வரை இருப்பது வழக்கம். நல்ல அலுமினியச் சக்கரம் 1,550 முதல் 1,650 கிராமில் கிடைக்கும். கார்பனில் 1,400 கிராமுக்குக் கீழேயும் உண்டு. ஆக, நீங்கள் வாங்கப்போவது 400 முதல் 600 கிராம் குறைவை.

அந்தக் குறைவு கோத்தகிரி ஏற்றத்தில் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். நீங்களும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 90 கிலோ என்றும், சராசரியாக 200 வாட் கொடுத்து மிதிக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் 450 கிராம் குறைந்தால் மிச்சமாவது ஏறத்தாழ அரை நிமிடம். சுழலும் எடை என்பதால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பலன் கிடைக்கும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ரிம்மிலும் டயரிலும் இருக்கும் ஒரு கிராம், வேகத்தைக் கூட்டும் அந்தக் கணங்களில் மட்டும் ஏறத்தாழ இரண்டு கிராமுக்குச் சமம் என்பது உண்மை. ஆனால் சீரான வேகத்தில் மலை ஏறும்போது அது எங்கே இருந்தாலும் ஒரே கிராம்தான். தண்ணீர் பாட்டிலில் இருந்து குறைத்தாலும் அதே அரை நிமிடம் கிடைக்கும். கொண்டை ஊசி வளைவில் எழுந்து நின்று மிதிக்கும்போது வண்டி சட்டென்று முன்னே பாய்வதுபோலத் தோன்றும் அந்த உணர்வு இனிமையானது, அதற்காகச் செலவழிப்பதில் தவறும் இல்லை. கடிகாரத்தில் அது பெரிதாகத் தெரியும் என்று எதிர்பார்த்துச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆகவே முதல் செலவு டயரும் டியூபும். மடிக்கக்கூடிய நல்ல ரேஸ் டயர் 28 மி.மீ. அளவில் 250 முதல் 280 கிராம். டிபியூ எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் 40 கிராம் அளவில்தான் இருக்கும். நான்கையும் மாற்றினால் 300 கிராமுக்கு மேல் குறைந்துவிடும், அதுவும் சக்கரத்தின் வெளிவிளிம்பிலேயே குறையும். அதைவிட முக்கியமாக, நல்ல டயரின் உருளும் தடை குறைவு என்பதால் ஏற்றத்தில் மட்டுமல்லாமல் அவிநாசி சாலையின் சமதளத்திலும் அதன் பலன் தொடரும். ரிம்மையே பிடித்து நிறுத்தும் பழைய ரிம் பிரேக் வண்டிகளில் நீண்ட இறக்கத்தின் சூட்டில் டிபியூ டியூப் கெட்டுவிடும் என்ற அச்சம் உண்டு. டிஸ்க் வண்டியில் ரிம் சூடாவதில்லை, எனவே அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. டயருக்குள் வைப்பதற்கு முன் வெளியே வைத்து அதிகம் காற்றடித்துவிடாதீர்கள். அந்த டியூப் ஒருமுறை அளவுமீறி விரிந்தால் பழைய அளவுக்குத் திரும்பாது.

இதைச் செய்து இரண்டு மாதம் ஓட்டுங்கள். அதன் பிறகும் சக்கரம் வேண்டும் என்று தோன்றினால், உங்கள் தொகைக்கு அலுமினியத்தையே பரிந்துரைக்கிறேன். எடையைப் பார்ப்பதற்கு முன், அது உங்கள் வண்டியில் பொருந்துமா என்பதைப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு முன் வந்த வண்டி என்பதால், சக்கரத்தை வண்டியில் பிடிக்கும் அச்சான த்ரூ ஆக்ஸில் முன்னே 12×100, பின்னே 12×142 மி.மீ. ஆகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஆக்ஸிலின் மீதே அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் டிஸ்க்கைப் பிடிப்பது ஆறு போல்ட்டா, நடுவில் ஒரே வளையத்தால் இறுக்கும் சென்டர் லாக்கா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்டர் லாக் ஹப்பில் அடாப்டர் வைத்து ஆறு போல்ட் டிஸ்க்கை மாட்டிவிடலாம். ஆறு போல்ட் ஹப் வாங்கிவிட்டு உங்களிடம் சென்டர் லாக் டிஸ்க் இருந்தால் புதிய டிஸ்க்தான் வாங்க வேண்டியிருக்கும். கேசட் ஏறும் ஃப்ரீஹப் ஷிமானோ 11 ஸ்பீட் எச்ஜி வகையாக இருக்கட்டும். ஷிமானோவின் இன்றைய 12 ஸ்பீட் ரோடு கேசட்டும் அதிலேயே ஏறும் என்பதால், நாளை கியரை மாற்றினாலும் சக்கரம் வீணாகாது. ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்டிஆர் ஃப்ரீஹப் வகையைத் தவறுதலாக வாங்கிவிட்டால் உங்கள் கேசட் ஏறவே ஏறாது.

அடுத்தது ரிம்மின் விளிம்பு. இன்று பல கார்பன் ரிம்கள் ஹூக்லெஸ் வகையாக, அதாவது டயரைப் பற்றிக்கொள்ளும் உள்வளைவு இல்லாமல் வருகின்றன. அவற்றில் அந்த ரிம்முக்கென்று ஒப்புதல் பெற்ற டியூப்லெஸ் டயரை மட்டுமே போடலாம். காற்றழுத்தம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. உங்கள் எடைக்கு 28 மி.மீ. டயரில் எழுபதை ஒட்டிய அழுத்தம் தேவைப்படும். பம்பின் அளவுமானி சற்றுப் பிசகினாலே எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த போட்டியில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட் கீழே விழுந்தபோது டயர் ரிம்மை விட்டுக் கழன்றிருந்ததும், அதையொட்டி ஹூக்லெஸ் ரிம்மின் பாதுகாப்பு பற்றி எழுந்த விவாதமும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு நினைவிருக்கும். இறக்கத்தில் நான் எந்தச் சந்தேகத்தையும் கூட அழைத்துச் செல்ல விரும்ப மாட்டேன். விளிம்பில் கொக்கி உள்ள ரிம்மையே கேட்டு வாங்குங்கள்.

ஸ்போக்ஸ் கம்பி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டிஸ்க் பிரேக்கில் பிரேக்கின் விசை முழுவதும் ஹப்பிலிருந்து கம்பிகள் வழியாகத்தான் ரிம்மைச் சென்றடைகிறது; முன்சக்கரத்துக்கும் அது பொருந்தும். 78 கிலோவுக்கு இரண்டு சக்கரத்திலும் 24 கம்பி இருப்பது நல்லது. தலை வளைந்த சாதாரணக் கம்பியாக இருந்தால், ஒன்று அறுந்தாலும் மாற்றுக் கம்பி எளிதில் கிடைக்கும், கோட்டம் எடுக்கத் தெரிந்த எந்தக் கடைக்காரரும் சரிசெய்து தருவார். சில உயர்ரகச் சக்கரங்களின் தனி வகைக் கம்பிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

ரிம்மின் ஆழம் 30 முதல் 35 மி.மீ. போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் வீசும் காற்றை நீங்கள் அறிவீர்கள். வாளையார் பக்கம் 50 மி.மீ. ஆழமுள்ள முன்சக்கரத்துடன் ஒரு லாரி கடந்து போன கணத்தில் ஹேண்டில்பார் கையை விட்டுத் திமிறியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சக்கரத்தை மாட்டியதும் டிஸ்க் உரசும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். ஹப்புக்கு ஹப் டிஸ்க் நிற்கும் இடம் ஒரு மயிரிழை வேறுபடும். பிரேக் பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி மீண்டும் இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சக்கரம் கழற்றியிருக்கும்போது மட்டும் பிரேக்கை அழுத்திவிடாதீர்கள், பேடுகள் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: சென்னையில் ஒருவர் ஓராண்டு பயன்படுத்திய கார்பன் டிஸ்க் சக்கரத்தைப் பாதி விலைக்குத் தருகிறார். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்ததாம், பில் இல்லை. வாங்கலாமா?

பதில்: பில் இல்லாத கார்பனை நான் வாங்க மாட்டேன். பள்ளத்தில் விழுந்த அலுமினிய ரிம் நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் உள்ளே பிளந்திருந்தாலும் வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கலாம். பில் இல்லாவிட்டால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் கிடைக்காது, பில் இருந்தாலும் பல நிறுவனங்கள் முதல் உரிமையாளருக்கு மட்டுமே அதைத் தருகின்றன. தனிநபர் தன் பழைய பொருளை விற்கும்போது, கடைக்காரரிடம் போலக் குறைபாட்டுக்கு நுகர்வோர் சட்டப்படி அவரைப் பொறுப்பாக்குவதும் கடினம்.

அதே பணத்துக்குக் கடையில் புதிய அலுமினியச் சக்கரம் வாங்கினால், பெட்டியின் மீது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்த எடை வரம்பு எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். குறைபாடு தெரிந்து கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியலாம். அதற்கும் அந்த பில்தான் வேண்டும்.