எட்டாம் நாள் காய்ச்சல்: பால் கட்டியதுதானா?

கேள்வி: என் மகளுக்கு சிசேரியன் ஆகி எட்டு நாள் ஆகிறது. நேற்று மாலையிலிருந்து குளிரும் காய்ச்சலும், 101 டிகிரி. தையலின் ஒரு ஓரம் சிவந்து லேசாக நீர் கசிகிறது. சம்பந்தியம்மா, 'பால் கட்டின காய்ச்சல்தான், பாராசிட்டமால் போதும்' என்கிறார். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இன்றே பிரசவம் பார்த்த மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பால் கட்டிக் காய்ச்சல் வருவது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டி வரும். இரண்டு மார்பும் கல் மாதிரி இறுகும். பிள்ளை குடித்ததும் அல்லது பீய்ச்சி எடுத்ததும் ஒரு நாளில் தணிந்துவிடும். எட்டாம் நாள் 100.4 டிகிரியைத் தாண்டினால், தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை தொற்று என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பக்க மார்பு மட்டும் சிவந்து வலித்தால் அதுவும் தொற்றாக இருக்கலாம். அப்போதும் பாலை நிறுத்தக் கூடாது.

சிசேரியன் தையலில் ஒரு சிக்கல்: அடிவயிற்று மடிப்பு அதை மூடிக்கொள்ளும். வேர்வை அங்கேயே தேங்கும். படுத்திருக்கும் தாய்க்குத் தன் தையல் தெரியாது, வலிக்கிறது என்று மட்டும் சொல்வாள். நீங்கள்தான் மடிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவப்பு பரவுகிறதா, தொட்டால் சுடுகிறதா, தையல் விலகியிருக்கிறதா, கசிவு கலங்கலாக நாறுகிறதா? மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் போடாதீர்கள். மருத்துவர் ஓரிரு தையலைப் பிரித்து உள்ளே தேங்கியதை வெளியேற்றலாம். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆறும்.

வெளியே தெரியாத தொற்று கர்ப்பப்பையில் இருக்கலாம். சுகப்பிரசவத்தைவிட சிசேரியனில் இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். அதனால்தான் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறோம். பனிக்குடம் உடைந்து நெடுநேரம் ஆகியிருந்தாலோ, சர்க்கரை நோயோ ரத்தசோகையோ இருந்தாலோ ஆபத்து இன்னும் கூடும். உதிரப்போக்கில் பச்சை ரத்த வாடை இயல்பு. அழுகிய நாற்றம் இயல்பல்ல. மகளிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், நாப்கினையும் பாருங்கள். அடிவயிறு அழுத்தினால் வலிக்கிறதா என்றும் கேளுங்கள்.

சுகப்பிரசவம் ஆனவர்களும் இதைப் படிக்க வேண்டும். அந்தப் பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. பிறப்புறுப்புத் தையலிலும் சீழ் பிடிக்கும், கர்ப்பப்பையிலும் தொற்று வரும். எந்தப் பிரசவமானாலும் சிறுநீர்த் தொற்று உண்டு, சிறுநீர் வடிய டியூப் போட்டிருந்தால் இன்னும் அதிகம். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது அதற்கு வழிவிடுவதுதான். 42 நாள்வரை எந்தக் காய்ச்சலையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, பேச்சு குழறுவது, சிறுநீர் குறைவது, கை கால் சில்லிடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காலைவரை பொறுக்காமல் 108-ஐ அழையுங்கள். அது ரத்தத்தில் தொற்று பரவியதன் அடையாளமாக இருக்கலாம்.

பாராசிட்டமால் கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்து, 'இப்போது நார்மல்தானே' என்று திருப்பி அனுப்ப வைத்துவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக்குகள் நிறைய இருக்கின்றன.