முதலில் அனுப்பியவர் யார்? வாட்ஸ்அப் விதி பற்றிக் கேள்வி பதில்

சார், 2021 தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) விதிகளில் வரும் ‘முதல் அனுப்புநர்’ விதி என்னதான் சொல்கிறது?

50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள மெசேஜிங் செயலிகளுக்கானது. நீதிமன்றமோ உரிய அதிகாரியோ உத்தரவிட்டால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று சொல்ல வேண்டும். கடுமையான குற்றங்களுக்கு மட்டும்தான்.

செய்தியைக் கேட்கவில்லையே, ஆளைத்தானே கேட்கிறார்கள். அதில் என்ன கெட்டுவிடும்?

எந்தச் செய்தி நாளை வழக்காகும் என்று இன்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோருடைய எல்லாச் செய்திகளுக்கும் இப்போதே ஓர் அடையாளம் போட்டு வைக்க வேண்டியிருக்கும். டாக்டரிடம் கேட்டது, வக்கீலிடம் சொன்னது, எதுவும் தப்பாது. வாட்ஸ்அப்பில் 2016 முதல் முழு மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) இருக்கிறது. நிறுவனத்தின் சர்வரே செய்தியைப் படிக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு குலையும் என்றுதான் 2021 மே மாதம் வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

அண்ணா, மறையாக்கத்தை உடைக்காமலே முதல் ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்று ஐஐடி பேராசிரியரே சொன்னாரே?

ஆமாம். 2019இல் சென்னை உயர் நீதிமன்ற வழக்கில், சென்னை ஐஐடியின் வி. காமகோடி, செய்தியோடு அனுப்பியவரின் அடையாளத்தையும் சேர்க்கலாம் என்றார். மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார். செயலியைத் திருத்தி வைத்திருப்பவன் அடையாளத்தையும் மாற்றிவிடுவான். அப்புறம், ஒருவர் எழுதியதை காப்பி செய்து புதிதாக ஒட்டினால் ஒட்டியவர்தான் ‘முதல்’ ஆள்!

எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொன்று. செய்தி வெளிநாட்டில் தொடங்கியிருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரையே முதல் அனுப்புநராகக் கொள்ள வேண்டும் என்கிறது விதி. துபாயிலிருந்து மச்சான் அனுப்பியதை நம்பிக் குடும்ப குரூப்பில் போட்ட அக்காதான் மாட்டுவார்.

அப்போ வதந்தியால் உயிர் போனால் சும்மா இருப்பதா?

கூடவே கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அதே ஆண்டு இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. 2020இல், பலமுறை சுற்றிவந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியதும் அத்தகைய ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. மறையாக்கத்தைத் தொடாமலே இவ்வளவு முடிந்திருக்கிறது. செய்தி கிடைத்தவரின் போனிலிருந்து போலீஸ் ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போகலாம். நேரம் பிடிக்கும்தான், ஆனால் அதற்காக ஊரில் எல்லோரையும் கண்காணிக்க வேண்டியதில்லை.

குற்றவாளிகள் வேறு செயலிக்குப் போய்விட்டால்?

போவார்கள். பயங்கரவாதிகள் பயன்படுத்துவதாகச் சொல்லி, 2023 மே மாதம் எலிமெண்ட், பிரையர் ஆகிய மெசேஜிங் செயலிகள் உட்பட 14 செயலிகளை மத்திய அரசு முடக்கியது. எலிமெண்ட் திறந்த மூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம். அதை நேர்மையாகப் பயன்படுத்தியவர்களும் சேர்ந்தே பாதிக்கப்பட்டார்கள்.